சங்கு ஊதினால் போவதற்கு ஓர் இடம்

போன மாதம் நகராட்சிப் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். தலைப்பைப் போனிலேயே சொன்னார்கள்: 'தொழில் நகரங்களின் மறுவாழ்வில் உள்ளாட்சி நிர்வாகத்தின் பங்கு.' யாரோ பேராசிரியருக்குப் போட வேண்டிய போன் தவறி வந்துவிட்டது என்று நினைத்து, "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தார்கள். மதியச் சாப்பாடு உண்டு என்றும் சொன்னார்கள். உடனே பொறுப்புணர்ச்சி வந்து ஒத்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் பேசியவர் திரையில் படம் படமாகக் காட்டினார். எங்கோ வெளிநாட்டில் இரும்பாலை மூடிய ஊர்கள். இப்போது அங்கே கண்ணாடிக் கட்டடம், சைக்கிள் பாதை, குளத்தில் அன்னப்பறவை. நான் நன்றாகத் தூங்கினேன். பணிக்காலத்தில் பழகியது, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. என் முறை வந்ததும் எழுப்பினார்கள். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு இளம் பொறியாளர் எழுந்து, நீங்கள் வேலை பார்த்த ஊரில் நூற்பாலை மூடியபோது நகராட்சி என்ன திட்டம் போட்டது என்று கேட்டார். "சங்கு ஊதினோம்" என்றேன். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது.

ஆனால் நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே சங்குதான் ஊதினோம். அந்தப் பொறியாளருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: டிப்ளமோ முடித்தேன், கொஞ்ச காலம் வீட்டில் சோறு தின்றேன், பிறகு நகராட்சியில் ஓவர்சீயர் ஆனேன். முதல் சில வருஷங்களில் கற்றது இரண்டு. அளவெடுக்கும் டேப்பின் எந்த முனையைப் பிடித்தால் நிழலிலேயே நிற்கலாம் என்பது ஒன்று. மேலதிகாரி கோபமாக இருக்கும்போது எந்தக் குழாயைப் பார்க்கப் போனால் மாலை வரை திரும்ப வேண்டாம் என்பது மற்றொன்று. இந்தக் கல்வியோடுதான் அந்த ஆலை ஊருக்கு மாற்றலாகிப் போனேன். ஊர் பெயரை எழுதவில்லை. வண்ணார்பேட்டையில் திருச்செந்தூர் பஸ் ஏறி, ஆற்றை ஒட்டியே போனால், தாமிரபரணி முழங்கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்திருப்பது போல் ஒரு வளைவு வரும். அந்த மடக்கில் இருந்தது ஊர்.

ஆலை ஓடிய காலத்தில் அங்கே காற்றில் எப்போதும் பஞ்சு மிதந்துகொண்டிருக்கும். வேப்ப மரங்களுக்கு நரை விழுந்திருக்கும். எருமைகளின் புருவம் வெளுத்திருக்கும். நான் முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஷிப்டு முடிந்து ஒரு கூட்டம் வந்தது. அத்தனை தலையும் வெள்ளை. இந்த ஊரில் எல்லோரும் வயசாளிகள் போலிருக்கிறது என்று நினைத்து, ஒருவரைப் பிடித்து, "தாத்தா, நகராட்சி ஆபீஸ் எங்கன இருக்கு?" என்று கேட்டேன். தாத்தா தலையை இரண்டு தட்டுத் தட்டினார். பஞ்சு பறந்தது. உள்ளேயிருந்து என்னைவிட இளையவன் ஒருவன் வெளிப்பட்டு, "நேரா போங்க அண்ணாச்சி" என்றான். அவன்தான் செல்லத்துரை, நூற்புப் பிரிவில் ஃபிட்டர். எந்த இயந்திரம் மூச்சுத் திணறினாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஊரில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. ஆலைச் சங்கு பார்த்துக்கொள்ளும். நீளமாக ஒன்று, கொஞ்சம் இடைவெளி, குட்டையாக ஒன்று. ஒவ்வொரு ஷிப்டுக்கும் அதே மாதிரி. பால்காரர், பள்ளிக்கூடம், கோவில் நடை, டவுன் பஸ் எல்லாம் அதற்குத்தான் கட்டுப்பட்டன. பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூட 'இரண்டாம் சங்குக்கு அப்புறம் வாங்க' என்பார்கள். நகராட்சியும் அப்படித்தான். முதல் ஷிப்டு ஆட்கள் குளித்துச் சமைத்துக் கிளம்பத் தோதாக, விடியும் முன்பே தண்ணீர் வால்வைத் திறப்போம். ஷிப்டு உள்ளே போனதும் தெருவைப் பெருக்குவோம். இந்த ஏற்பாட்டை யார் செய்தது என்று எவருக்கும் தெரியாது. நான் சேரும்போதே அது மலையும் ஆறும் போல அங்கே இருந்தது.

தொண்ணூறுகளில் ஒரு நாள் ஆலை வாசலில் 'தற்காலிகமாக' என்று தொடங்கும் பலகை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். மழைக்கும் வெயிலுக்கும் எழுத்தெல்லாம் அழிந்து, கடைசியில் 'தற்காலிகமாக' மட்டும்தான் மிஞ்சியது.

சங்கு நின்ற பிறகு ஊர் தூங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மதியச் சாப்பாடு முடிந்து கயிற்றுக் கட்டிலில் சாய்ந்ததும் கண் சொருகுமே, தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை, அந்த இடத்தில் போய் நின்றுகொண்டது. கடைகளைத் தோன்றியபோது திறந்தார்கள். காலையா மாலையா என்று வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒரு மஞ்சள் நிறம் தெருக்களில் கிடந்தது. ஆட்கள் ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து தண்ணீர் போவதைப் பார்த்தார்கள். போய் முடியட்டும், எழுந்துகொள்ளலாம் என்று இருப்பது போல. நிற்க ஆளில்லாததால் பஸ்கள் நிற்காமல் போயின. வேப்ப மரங்கள் மட்டும் நரை போய் மறுபடி பச்சையாயின. ஆலைத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒவ்வொன்றாகப் பூட்டுத் தொங்கியது. திருப்பூர் என்ற பெயரை வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்காமல் இருக்க முடியாது.

நகராட்சி என்ன செய்தது? வழக்கம்போல விடியும் முன் வால்வைத் திறந்தது. இல்லாத ஷிப்டுக்குத் தண்ணீர் விட்டோம். இல்லாத ஆட்கள் நடந்த தெருவைப் பெருக்கினோம். இதில் வித்தியாசமாக ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றாததில் வியப்பில்லை. ஆனால் வேறு யாருக்கும்கூடத் தோன்றவில்லை.

அப்போதுதான் புது ஆணையர் வந்தார். எஸ்தர் கனகமணி, பாளையங்கோட்டைக்காரர், ஆசிரியர்கள் நிறைந்த குடும்பம். நகர்மன்றத் தேர்தல் நடக்காமல் இருந்த வருஷங்கள் அவை. அதனால் மன்றத்தின் அதிகாரமும் தனி அலுவலர் என்ற பெயரில் அவரிடமே இருந்தது. இவ்வளவு அதிகாரம் உள்ளவர் சத்தம் போடுவார் என்று நாங்கள் காதைத் தயாராக வைத்திருந்தோம். அம்மாவுக்குச் சத்தமே கிடையாது. அவர் பேசுவதைக் கேட்க மேஜை மேல் குனிய வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பதில் வந்த பிறகும் காத்திருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நான் எதையாவது பேசுவேன். பேசப் பேச, சொல்லக் கூடாது என்று வைத்திருந்த உண்மையெல்லாம் வரிசையாக வெளியே வரும். அவர் அறையிலிருந்து வரும்போது எனக்குச் சட்டை இல்லாத மாதிரி இருக்கும்.

காலையில் யாராவது ஒரு பிரிவு அலுவலரைக் கூட்டிக்கொண்டு ஒரு தெருவை நடப்பது அவர் வழக்கம். கையில் ஃபைல் கூடாது. என் முறை வந்த நாளில் லைன் வீடுகளின் பக்கம் போனோம். ஆற்றிலிருந்து மூட்டம் ஏறிக்கொண்டிருந்த நேரம். தெருக் குழாய் ஒன்று திறந்து கிடந்தது. குடம் இல்லை, ஆள் இல்லை. தண்ணீர் தன் பாட்டுக்கு விழுந்து வாறுகாலில் போய்க்கொண்டிருந்தது.

"இந்தத் தண்ணி யாருக்கு வருது, ஓவர்சீயர்?"

"முதல் ஷிப்டுக்கும்மா" என்றேன் பெருமையாக.

காத்திருந்தார். ஒரு நாய் வந்து குடித்துவிட்டுப் போனது.

"ஷிப்டுதான் இல்லையேம்மா" என்றேன் நானே. மேலும் காத்திருந்தார். அப்படியென்றால் தண்ணீரும் இப்போது வரக் கூடாதுதான் என்று ஒப்புக்கொண்டேன். எப்போது வர வேண்டும் என்று கேட்டார். தெரியாது என்றேன். வாழ்க்கையில் அதிகாரியிடம் நான் சொன்ன முதல் சுருக்கமான உண்மை அது.

"தெரிஞ்சவங்க இருப்பாங்கல்லா? கேளுங்க."

கேட்டேன். வீடு வீடாக, மேஸ்திரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு. ஆண்கள் எப்போது வந்தாலும் சரி என்றார்கள். அவர்கள் தண்ணீர் பிடிப்பதில்லை. பெண்கள் அப்படி விடவில்லை. ஆலை நின்ற பிறகு பாதி வீடுகள் பீடி சுற்றித்தான் அடுப்பெரித்தன. காலை வெளிச்சத்தில் உட்கார்ந்தால் வெயில் ஏறும்போதுதான் எழுந்திருப்பார்கள். அப்போது குழாயில் காற்றுதான் வரும். ஒரு அக்கா முறத்தை மடியிலிருந்து இறக்காமலே என்னைப் பார்த்து, "நீ வால்வு தொறக்குத நேரத்துல நான் கனவுலதான்லே தண்ணி பிடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். மேஸ்திரி அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அம்மா ஊருக்குப் புதிய நேரம் போட்டார். தண்ணீர் வெயில் ஏறும்போது ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அதற்கேற்பப் பெருக்கும் நேரம், சந்தை திறக்கும் நேரம், தெரு விளக்கு. போக்குவரத்து டெப்போவுக்குத் தாமே போய் உட்கார்ந்து, பேசாமல் காத்திருந்தே, திருச்செந்தூர் பஸ்களை மறுபடி நிற்க வைத்தார். பணம் கேட்டு மேலே எழுதியதற்குப் பதில் வரவில்லை. கையில் இருந்தது நேரம் மட்டும்தான். அதையாவது ஒழுங்காகக் கொடுப்போம் என்றார். நேரம் எல்லோருக்கும் கேட்க வேண்டும் அல்லவா? நகராட்சிக் கட்டடத்து மாடியில் எங்களுக்கென்றே ஒரு சங்கு இருந்தது. ஆலைச் சங்கு முழங்கிய ஊரில் அதற்கு வேலையே வந்ததில்லை. அதை ஊதச் சொன்னார்.

சரிசெய்ய வந்தவர் பிச்சையா, ஆலையில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். மூடியைத் திறந்தவர் அப்படியே மூடிவிட்டுக் கீழே வந்தார். உள்ளே மைனாக் குஞ்சுகள். ஆணையரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, குஞ்சுகள் பறக்கிற வரைக்கும் சங்கு வேண்டாம் என்றார். ஆக, எங்கள் ஊரின் மறுவாழ்வு மைனாவுக்கு இறக்கை முளைப்பதற்காகத் தள்ளிப்போனது. பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள்.

முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டி நானே ஊர் முழுக்கச் சொன்னேன். நாளை காலை ஊதுவது நகராட்சிச் சங்கு, ஆலைச் சங்கு அல்ல, பொதுமக்கள் கவனத்துக்கு. தெருவுக்கு இரண்டு தடவை. என் குரலை நானே ரசித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் காலை நானும் பிச்சையாவும் மாடியில் நின்றோம். கீழே ஊர் மூட்டத்தில் பாதி கரைந்து கிடந்தது. ஓடுகள் மட்டும் மிதந்தன. பிச்சையா சுவிட்சில் கை வைத்தார். நீளமாக ஒன்று. இடைவெளி. குட்டையாக ஒன்று. ஏன் அப்படி ஊதினீர் என்று பின்னால் கேட்டதற்கு, சங்கென்றால் வேறு எப்படி ஊதும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

லைன் வீடுகளில் ஒரு கதவு திறந்தது. பக்கத்தில் இன்னொன்று. தெரு நெடுகக் கதவுகள் திறந்தன. ஆட்கள் வெளியே வந்தார்கள். சிலர் காக்கிச் சட்டை போட்டிருந்தார்கள். சிலர் கையில் தூக்குச் சட்டி. மூட்டத்துக்குள் கால் தெரியாமல், மெல்ல, எல்லோரும் ஒரே திசையில் மிதந்து போனார்கள். நகராட்சிக்கு நன்றி சொல்ல வருகிறார்கள் என்று நினைத்து நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

பிச்சையா பைய என் தோளைத் தொட்டார். "சார், இவ்வொ எல்லாரும் மில்லுக்குல்லா போறாவ."

நான் ஓடிப் போய்ச் சேரும்போது ஆலை வாசலில் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. கூட்டம் என்றால் தள்ளுமுள்ளு இல்லை. பஞ்சு பிரிப்பவர்கள் ஓரமாக, பிறகு நூற்புப் பிரிவு, பிறகு சுற்றுப் பிரிவு. பழைய வரிசையில் அவரவர் இடத்தில் நின்றார்கள். முன்னால் பூட்டிய கேட். கேட்டுக்குள் இடுப்பளவு புல். ஆணையர் எனக்கு முன்பே வந்து கேட் அருகே நின்றிருந்தார். நான் வீரமாக அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"சங்கு ஊதினது நாங்க. மில் திறக்கல" என்றார்.

அவர் குரல் முதல் வரிசைக்குத்தான் கேட்டது. அவர்கள் திரும்பிப் பின்வரிசைக்குச் சொன்னார்கள். மில் திறக்கல. அது அப்படியே வரிசை வரிசையாகப் பின்னால் போனது. வார்த்தை போய்ச் சேரும் இடத்தில் முகங்கள் ஒவ்வொன்றாக அணைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசை அணைய வெகு நேரம் ஆனது.

நடுவிலிருந்து ஒருவர், மில்லுக்குத்தான் ஊதியாச்சு, இப்போ ஊருக்கும் ஊதுதியளா என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு இல்லை. இன்னொருவர் என்னைக் கண்டுபிடித்து, "என்னவே ஓவர்சீயர், மைக்கில அந்த நீட்டு நீட்டினீரே" என்றார். அவர் பக்கத்தில் நின்ற வயசாளி ஒருவர் எனக்காகப் பரிந்து பேசினார்.

"அவரு சொன்னது கேட்டுதுடே. காதுக்கு வெளங்கிச்சு. காலுக்கு வெளங்கல."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. அப்போது செல்லத்துரை முன்னால் வந்தான். தலையில் பஞ்சு இல்லாமல் அவனை அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்சம் நேரமானது. அன்று திருப்பூர் போகப் பெட்டி கட்டி, மனைவி பொன்னுத்தாயியோடும் பிள்ளைகளோடும் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறான். சங்கு கேட்டதும் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டான். பஸ் போய்விட்டது. தூரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து பொன்னுத்தாயி எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு ஆணையரின் மௌனமே தேவலை.

அவன் போனால் அது அவனோடு நிற்காது, அதுதான் விஷயம். ஆலையில் இயந்திரம் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் போய் வீடு பிடித்துவிட்டால் அவர்களும் கிளம்புவார்கள். கை தெரிந்தவர்கள் போய்விட்டால் நாங்கள் யாருக்கு நேரம் போட்டு, யாருக்குத் தண்ணீர் விடுவது?

"நாளைக்கும் ஊதுவியளா?" என்று கேட்டான்.

"நீங்க சொல்லுங்க. வேண்டாம்னா ஊதல."

காத்திருந்தார். அன்று அந்த மௌனம் என்மேல் இல்லாமல் ஒரு ஊர்மேல் விழுந்தது. வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது.

"ஊதுங்கம்மா. கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றான் செல்லத்துரை. "ஆனா சங்கு ஊதினா மனுசன் போவதுக்கு ஒரு எடம் வேணும்லா."

அடுத்த திங்கட்கிழமை வரை சங்கு ஊதாது, இடம் இருந்தால்தான் அன்று ஊதும் என்றார் ஆணையர். அவன் தலையைச் சொறிந்தான். திருப்பூரில் மச்சான் சொல்லி வைத்திருக்கும் வேலைக்குத் திங்கட்கிழமைக்குள் கிளம்பினால்தான் உண்டு, அதைத் தாண்டினால் கிடையாது. அன்று காலை பஸ்ஸுக்கு நிற்பேன் என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னான்.

கூட்டம் கலைந்தது. ஆணையர் திரும்பி, சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த மதில் யாருடையது என்று கேட்டார். நம்முடையதுதான், வண்டிப்பேட்டை என்றேன். மாட்டு வண்டிகள் ஓடிய காலத்தில் நகராட்சி கட்டியது. நீளமான ஓட்டுக் கொட்டகை, கல் தொட்டி, ஒரு பெரிய புளிய மரம். உள்ளே போய்ப் பார்த்தோம். இரண்டு வண்டிகள், இரண்டு வண்டிக்காரர்கள்; அவர்களுக்கு வேண்டியதைவிட எவ்வளவோ அதிக நிழல். ஓட்டை வழியாக வெளிச்சம் கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது.

இனி ஒரு நடைமுறையைச் சொல்ல வேண்டும். தனி அலுவலர் தீர்மானம் போடுவதென்றால் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். முன்பிருந்தவர்கள் சாப்பிட்டுக் கை துடைக்கும்போதே போட்டுவிடுவார்கள். அம்மா அப்படிச் செய்ய மாட்டார். மன்றக் கூடத்துக்குப் போவார். தலைவர் நாற்காலியில் உட்காராமல் அதன் பக்கத்தில் நிற்பார். எதிரே வரிசையாகக் காலி நாற்காலிகள். தீர்மானத்தை வாய்விட்டு வாசிப்பார். "ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்பார். பிறகு காத்திருப்பார். உறுப்பினர்கள் இருந்தால் எழுந்து பேச எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். மின்விசிறி சுற்றும். சுவரில் பல்லி சொல்லும். பிறகுதான் கையெழுத்து. சாட்சிக்கு ஓர் அலுவலர் வேண்டும். குளிர்ச்சியான கூடம் என்பதால் நானாகவே முன்வருவேன்.

வண்டிப்பேட்டைத் தீர்மானத்தையும் வாசித்தார். கொட்டகையை முன்னாள் ஆலைத் தொழிலாளர்களின் பழுதுபார்ப்புக் கூடமாக விடுவது. நகராட்சியின் பம்பு மோட்டார்கள், குப்பை வண்டிகள், லாரி ஆகியவற்றின் பழுதை முதலில் அவர்களிடம் கேட்பது. ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்டார். அரைத் தூக்கத்தில் இருந்த எனக்கு என்ன பிசாசு பிடித்ததோ, கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கிவிட்டேன்.

வேடிக்கைக்குத்தான் தூக்கினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை மாதத்தில் அந்தக் கூடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் ஆட்சேபணை. "சொல்லுங்க" என்றார். இப்போது எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"ரெண்டு மாட்டு வண்டி இன்னும் வருதேம்மா. அவ்வொ எங்க போவாவ?"

அவர் சிரிக்கவில்லை. நின்றபடியே யோசித்தார். கொட்டகையின் கிழக்குப் பகுதியும் கல் தொட்டியும் புளிய மர நிழலும் வண்டிகளுக்கே என்று பேனாவால் ஒரு வரி சேர்த்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். மறுபடி ஆட்சேபணை கேட்டார். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் நான் உழைத்தேன். என் பணிப்பதிவில் இதற்குச் சான்று இல்லாததால் நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். ஓடு மாற்றினோம், மின் இணைப்பு இழுத்தோம். விதிப்படி பழுதுபார்க்கும் வேலைக்கு வேறு இடங்களிலும் விலை கேட்டோம். திருநெல்வேலியிலிருந்து வழக்கம்போலப் பதிலே இல்லை. பழுதான மோட்டார்களை இதுவரை அங்கேதான் அனுப்பிக்கொண்டிருந்தோம். அவை நினைத்தபோது திரும்பி வரும். தலைமை நீரேற்று நிலையத்தில் கருகிக் கிடந்த மூன்று மோட்டார்களை லாரியில் ஏற்றி வந்து கொட்டகையில் இறக்கினோம்.

பின்னால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆலை திறக்கவே இல்லை. லைன் வீடுகளில் பல பூட்டியபடிதான் கிடந்தன. போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களிலிருந்து கிணற்று மோட்டார்கள் லாரியில் வரத் தொடங்கின. திருச்செந்தூர் போகும் பக்தர்களின் வேன்கள் மக்கர் பண்ணினால் இங்கே நிற்கலாம் என்று பேச்சுப் பரவியது. முருகனே அனுப்புகிறார் என்று பிச்சையா சொல்வார். வேன் சரியாகும்வரை அவர்களுக்குச் சாப்பாடு வேண்டும், கடை வேண்டும். தேர்தல் நடந்து மன்றம் வந்தது, ஆணையர் மாற்றலாகிப் போனார். புதிய தலைவர் எத்தனையோ ஏற்பாடுகளை மாற்றினார். வண்டிப்பேட்டையை மட்டும் தொடவில்லை. அதைத் தொட்டால் ஓட்டுப் போய்விடும் என்று தெரிகிற அளவுக்கு அதற்குள் ஆட்கள் இருந்தார்கள்.

ஆனால் இதெல்லாம் நடக்காமலே போயிருக்கலாம். திங்கட்கிழமை காலை நிலவரம் அப்படி.

பிச்சையா சங்கை ஊதினார். கதவுகள் திறந்தன. ஆட்கள் வந்தார்கள், வந்து, பழைய ஆலை வாசலிலேயே நின்றார்கள். எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் வண்டிப்பேட்டைக் கதவு அகலத் திறந்திருந்தது. மூன்று மோட்டார்களும் வெளிச்சக் கம்பிகளுக்கு நடுவே தெரிந்தன. நடுவில் இருந்தது ஒரு சாதாரணத் தார்ச் சாலை. எத்தனையோ தடவை டேப்பைப் பிடித்து நான் அளந்த சாலைதான். யாரும் தாண்டவில்லை. ஆலைக்கு முகத்தைக் காட்டி நின்றால் தொழிலாளி. திரும்பி நகராட்சிக் கொட்டகைக்குப் போனால், அந்த மில்லு இனிமேல் இல்லை என்று தன் வாயால் சொன்ன மாதிரி. அதைச் சொல்ல எந்தக் காலுக்கும் மனசு வரவில்லை. ஆணையர் எங்களோடு வாசல் பக்கமே நின்றார். கூப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை. இன்றைக்காவது கொஞ்சம் பேசித் தொலைக்கக் கூடாதா என்று நான் மனசுக்குள் மன்றாடினேன்.

பஸ் நிறுத்தத்தில் செல்லத்துரை நின்றிருந்தான். தகரப் பெட்டி, பொன்னுத்தாயி, இரண்டு பிள்ளைகள். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரின் கண்ணும் அவன் மேல். அவன் கண் பஸ் வரும் திசையில்.

திருநெல்வேலி பஸ் வந்தது. எங்களுக்கும் கொட்டகைக்கும் நடுவே வந்து நின்று, எதிர்ப்புறம் முழுவதையும் மறைத்துக்கொண்டது. கண்டக்டர் விசில் ஊதினார். செல்லத்துரை பெட்டியைத் தூக்குவதைப் பார்த்தேன். அவர்கள் பஸ்ஸின் முன்பக்கமாகப் போவதையும் பார்த்தேன். பிறகு பார்க்கப் பிடிக்காமல் தரையைப் பார்த்தேன். பஸ் உறுமிக்கொண்டு புறப்பட்டது. புழுதி எழும்பி மெல்ல மெல்லப் படிந்தது.

புழுதிக்கு அந்தப் பக்கம் கொட்டகைக்குள் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதல் மோட்டாரின் மூடியைக் கையால் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் தகரப் பெட்டி. பிள்ளைகள் ஏற்கனவே மாட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்தாயி மட்டும் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். வீட்டைக் காலி செய்து, பெட்டியை இரண்டு தடவை கட்டி, இரண்டு தடவையும் பஸ்ஸை விட்ட பெண்ணின் கோபம் அவளுக்கு இருந்தது. புருஷன்மேல் காட்ட வேண்டியதைச் சாலைக்கு இந்தப் பக்கம் நின்ற எங்கள் எல்லோர்மேலும் காட்டினாள்.

"அங்கனயே நின்னு என்னத்தப் பாக்கிய? மில்லு எந்திரிச்சு வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவும்னா? இவரு ஒத்தையில கெடந்து கழட்டுதாரு. ரோட்டத் தாண்டுங்க."

நூற்புப் பிரிவு வரிசையிலிருந்து ஒருவர் தூக்குச் சட்டியைக் கை மாற்றிக்கொண்டு சாலையில் கால் வைத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு வரிசையெல்லாம் கலைந்துபோயிற்று. ஆணையர் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு நடந்தார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மோட்டாரில் எந்தப் பக்கம் மேல் என்றுகூடத் தெரியாது. ஆனால் பொன்னுத்தாயி சொன்னது என்னையும் சேர்த்துத்தான் என்று பட்டது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நானும் தாண்டினேன்.